தடுத்துச் சொல்வார் ஒருவர் வேண்டும்



விவிலியத்திலுள்ள நீதிமொழிகள் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பகுதி, தந்தை ஒருவர் தம் மகனை அருகழைத்துப் புத்தி கூறும் பாங்கில் அமைந்துள்ளது. அங்கே ஞானமும் ஒழுக்கமும் இணைபிரியாதனவாகவே பேசப்படுகின்றன. எபிரேய மூலத்தில் அவ்வொழுக்கத்தைக் குறிக்கும் 'மூசார்' என்னும் சொல்லுக்குப் போதனை என்பதோடு, கண்டித்துத் திருத்துதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே, பிறர் தம்மைத் திருத்துவதற்கு இடங்கொடுப்பவரையே அந்நூல் ஞானி என மதிக்கின்றது. நல்ல புத்திமதியைக் கேட்டு மகிழ்வது யார்க்கும் எளிது. 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டு, எடுத்த காலைப் பின்வைப்பதே அரிது.

எமது ஊர்களிலே ஒரு திருமணமோ, காணி விற்பனையோ, பிள்ளையின் மேற்படிப்போ ஒருவருடைய விருப்பத்தினால் மட்டும் முடிவாவதில்லை. தாய்மாமன், பெரியப்பா, பாடசாலை அதிபர், பங்குக் குருவானவர் அல்லது போதகர் எனப் பலருடைய காதுக்கும் அது எட்டும். அவர்களுள் ஒருவராவது 'சற்றுப் பொறு' என்பார். அந்த ஏற்பாட்டிலே குறைகளும் இருந்தன. சாதியின் பெயராலும் சீதனத்தின் பெயராலும் நல்ல காரியங்களைத் தடுத்த பெரியவர்களும் இருந்தார்கள். எனினும் அவசரத்துக்கு அது ஒரு வேலியாக இருந்தது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் நாடு நாடாகச் சிதறிய எமக்கு அந்த வேலி அறுந்துபோயிற்று. மொன்றியல் நகரின் மாடிக் குடியிருப்பொன்றில், இரவு வேலை முடிந்து வந்த குடும்பத் தலைவர் கடன் படிவம் ஒன்றில் தனியே கையொப்பமிடுகின்றார். 'வேண்டாம்' என்று கூற அருகில் எவருமில்லை. அதையே சுதந்திரம் என்றும் எண்ணிக்கொள்கின்றோம்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின்படி குடிவந்தோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சு மொழியிலேயே பாடசாலைக் கல்வி பெறுகின்றனர். வங்கிக் கடிதத்தையும் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்தையும் பெற்றோருக்கு வாசித்துச் சொல்பவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே. தகப்பனுக்கு உலகத்தை விளக்கிச் சொல்லும் பிள்ளை, தகப்பனுடைய கண்டிப்பை எங்ஙனம் மதிக்கும்? பெற்றோரும் அஞ்சி வாய்மூடி விடுகின்றனர். ஈற்றில் வீட்டிலுள்ள எவரும் எவருக்கும் 'வேண்டாம்' என்று கூற இயலாத நிலை வந்து சேர்கின்றது.

இந்த மாநகரிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வரலாறு இவ்விடயத்தில் எமக்குத் துணைசெய்யும். மவுண்ட் றோயல் மலைச்சரிவில் எழுந்து நிற்கும் புனித சூசையப்பர் பேராலயத்தை அறியாத மொன்றியல் தமிழர் இலர். கத்தோலிக்கர் மாத்திரமன்றி, எம்மவருள் சைவர்களும் அப்படிகளில் ஏறிச் சென்று நேர்த்தி வைப்பதுண்டு. அவ்வாலயத்திற்கு வித்திட்ட சகோதரர் அந்திரே, 1845ஆம் ஆண்டு ஏழைக் குடும்பமொன்றில் அல்பிரட் பெசெட் என்னும் பெயருடன் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். நோயாளி, எழுத வாசிக்கவும் நன்கு அறியாதவர். பல தொழில்களை முயன்று எதிலும் நிலைகொள்ளாது, ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள நெசவாலைகளில் சில ஆண்டுகள் கூலிவேலை செய்து திரும்பினார். ஆதரவற்று, அந்நிய நாட்டில் உழைத்த அவருடைய இளமைக்கும் எம்முடைய நிலைக்கும் அதிக தூரமில்லை.

அவர் வாழ்வின் திருப்பங்கள் பிறரது சொல்லுக்குச் செவிகொடுத்ததனால் நேர்ந்தவையாகும். துறவற வாழ்வை நாடுமாறு வழிகாட்டியவர், அவரை இளமை முதல் அறிந்திருந்த பங்குக் குருவானவர். 1870இல் திருச்சிலுவைச் சபையிற் சேர்ந்தார். உடல்நலக் குறைவினால் அவரை ஏற்கச் சபையினர் தயங்கியபோது, வெளியேறி வேறு வழி தேடாமல், மொன்றியல் ஆயர் இக்னாஸ் பூர்ஜே அவர்களிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். ஈற்றில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். கிடைத்த பணியோ கல்லூரி வாயிலைக் காப்பது. அப்பணியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செய்தார்.

கல்லூரிக்கு எதிரேயுள்ள மலைச்சரிவில் புனித சூசையப்பருக்கு ஒரு சிற்றாலயம் அமைக்க அவர் விரும்பினார். நோயாளர் பலர் அவரை நாடி வந்த காலம் அது. மக்கள் அபிமானத்தைக் காட்டி மேலதிகாரிகளை நெருக்கியிருக்கலாம், கடன்பட்டும் கட்டியிருக்கலாம். அவரோ காத்திருந்தார். மாணவருக்கு ஐந்து சதத்துக்கு முடிவெட்டிய காசையும் சிறு காணிக்கைகளையும் சேர்த்துவைத்தார். கடன்படுதல் ஆகாது, கையிலுள்ள பணம் எவ்வளவுக்கு இடங்கொடுக்குமோ அவ்வளவே கட்டலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 1904இல் எழுந்த ஆலயம் ஒரு சிறிய அறையளவே. பின்னர் தொடங்கிய பேராலயத்தின் வேலையும், பொருளாதார மந்தத்தினால் 1931இல் நின்றுபோனது. கூரையில்லாத சுவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்தார். 1937 ஜனவரி 6ஆம் நாள் தமது 91ஆம் வயதில் மரித்தபோதும் அது நிறைவெய்தவில்லை. 2010இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 'பொறு' என்ற சொல்லுக்குப் பணிந்ததனால் அவருடைய விருப்பம் அழிந்துபோகவில்லை. படிப்படியாக வளர்ந்தது.

இதற்கு மாறான வரலாறும் விவிலியத்தில் உண்டு. சாலமோன் மன்னரின் மகன் ரெகொபெயாமிடம், சுமையைக் குறைக்குமாறு குடிகள் வேண்டினர். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோரிடமும் ஆலோசனை கேட்டான். ஆனால் அவர்கள் கூறியது பிடிக்காமற்போகவே, தன்னோடு வளர்ந்த இளைஞரிடம் கேட்டு, தனக்கு இனித்த சொல்லையே ஏற்றான். பத்துக் குலங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. ஆலோசனை கேட்பது மாத்திரம் போதாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கண்டித்துரைப்போர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவரும் உரைத்திருக்கின்றார்.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, தடுத்துச் சொல்லக்கூடிய ஒருவரை, முடிவு எதுவும் எதிர்ப்படாத அமைதியான காலத்திலேயே தெரிந்துகொள்ளல் வேண்டும். அவர் எமது முடிவினால் இலாபம் அடைபவராக இருத்தலாகாது. வீடு விற்றுத் தரகு பெறுபவரும், வட்டிக்குக் கொடுப்பவரும், சீட்டுப் பிடிப்பவரும் நல்லவராயிருக்கலாம். எனினும் அக்காரியத்தில் அவர்கள் ஆலோசகர் ஆகார். இரண்டாவதாக, கையொப்பமிடுமுன் கேட்டல் வேண்டும். முடிவெடுத்த பின் கேட்பது ஆலோசனையாகாது. கணவன் மனைவியிடத்தும் மனைவி கணவனிடத்தும் வருமானம், கடன், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தையும் மறையாது கூறி, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கடந்த பின்பே பெரிய முடிவுகளை எடுப்பது நன்று.

மூன்றாவதாக, பிள்ளைகளைக் கண்டிக்க விரும்பும் பெற்றோர் தாமும் கண்டிப்புக்கு இடங்கொடுப்பவர்கள் என்பதைப் பிள்ளைகள் காணல் வேண்டும். "அப்பா, இந்தக் கடிதத்தில் வட்டி அதிகம் என்று எழுதியிருக்கிறது" என்று மகள் கூறினால், அதைக் கேட்டு நிறுத்தும் தகப்பனே, நாளை அவளுடைய கல்வியிலும் நட்பிலும் 'சற்றுப் பொறு பிள்ளை' என்று கூறும் உரிமையைப் பெறுகின்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். செவிகொடுத்தல் என்பது அடிமைப்படுதல் அன்று. அடிபடும் பெண்ணைப் பார்த்து 'பொறுத்துப்போ, அதுவே சிலுவை' என்பவர் ஞானத்தைப் பேசவில்லை. தம் நலனுக்காக இறைவன் பெயரால் கீழ்ப்படிவைக் கேட்பவர், அவர் எந்தச் சபையின் ஊழியராயினும், நாம் தேடும் ஆலோசகர் அல்லர். அத்தகையோரை விட்டு விலகுவதும், வேண்டுமிடத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடுவதும் ஞானமே.

ஊரிலே அந்த வேலி எமக்குப் பிறப்போடு கிடைத்தது. இங்கே அதை நாமே தேடி அமைத்துக்கொள்ளல் வேண்டும். உறவினர் ஒருவரோ, ஆலயத்தில் அறிமுகமான முதியவர் ஒருவரோ, நேர்மையான நண்பர் ஒருவரோ போதும். இவ்வாரமே அத்தகைய ஒருவரை அணுகி, 'நான் தவறான வழியிற் கால்வைத்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒருநாள் அங்ஙனம் தடுத்துச் சொல்வார். அப்போது மனம் நோகும். அந்நாளில் அவரோடு கோபித்துக்கொள்ளாதிருக்கும் மனத்தை இறைவனிடம் இன்றே வேண்டிக்கொள்வோமாக.