இலண்டன் விலையும் சுன்னாகத்து மின்சாரமும்

உயர்தெளிவுப் படமும் விளையாட்டும் வேண்டுமென்றால் பிளேஸ்ரேசன் 5தான் வாங்கவேண்டும், அதற்காகக் கொம்பியூட்டர் வாங்குவது காசைக் கரியாக்குவது என்று யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குத் தீர்ப்பெழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ஒருவருக்கு எந்தப் பெட்டி பிடிக்கும் என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் விருப்பத்துக்கு ஒப்பீடு என்று பெயர்சூட்டி, வாசிப்பவருக்குக் கணக்குத் தெரியாது என்ற நம்பிக்கையோடு தொழில்நுட்பச் சொற்களை வாரியிறைத்தால், கணக்குத் தெரிந்தவர்கள் வாய்மூடி இருப்பது முறையல்ல.

விலையில் தொடங்குவோம், கட்டுரையின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். பிளேஸ்ரேசனுக்கு அவர் எடுத்தது இலண்டன் கடை விலை. கொம்பியூட்டருக்கு எடுத்தது வரியும் இலாபமும் ஏறிய யாழ்ப்பாணத்து விலை. கொம்பியூட்டரோடு மொனிற்றரையும் சேர்த்துக் கூட்டியவர் பிளேஸ்ரேசனோடு 4கே ரீவியைக் கூட்டவில்லை. அது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதாம். யாருடைய வீட்டில்? ஒரு கண்ணில் வெண்ணெயும் மறுகண்ணில் சுண்ணாம்பும் வைத்த இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை கொண்டுவந்தால் வாத்தியார் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார். அதைவிட மோசமானது அடுத்த பந்தி. மலிவு என்று நிறுவ அவர் காட்டியது 2020 நவம்பரில் 399 டொலருக்கு வந்த டிஜிற்றல் எடிசன். டிஸ்க் போட இடமே இல்லாத பெட்டி. படம் பார்க்க அதுவே சிறந்தது என்று நிறுவும்போதோ 4கே புளூரே டிஸ்க்கின் துல்லியத்தைப் புகழ்கிறார். அந்த டிஸ்க்கை எதற்குள் போடுவது? டிரைவ் இருந்தது 499 டொலர்ப் பெட்டியில். விலைக்கு ஒரு பெட்டி, புகழ்ச்சிக்கு வேறொரு பெட்டி.

அவருக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய ஓர் உண்மையை அவர் தேடிக்கூடப் பார்க்கவில்லை, நானே சொல்கிறேன். 4கே புளூரேயைக் கொம்பியூட்டரில் முறைப்படி ஓடவிட, இன்ரெல் சில்லிலுள்ள எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. 2021இல் வந்த 11ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகளில் இன்ரெல் அதை எடுத்துவிட்டது. ஆகவே இந்த ஒரு விடயத்தில் புதுக் கொம்பியூட்டர் தோற்கிறது. ஆனால் நல்லூரிலோ நெல்லியடியிலோ எத்தனை வீட்டு அலுமாரியில் 4கே புளூரே டிஸ்க் இருக்கிறது? இங்கே படம் இணைய வழியாக வருகிறது, அல்லது பென்ட்ரைவில் கைமாறுகிறது. படத்தரமே உயிர் என்பவர், டொல்பி விஷன் என்ற உயர்தரப் பட முறையைப் பிளேஸ்ரேசன் 5 ஆதரிப்பதில்லை என்பதையும் அதன் போட்டிப் பெட்டியான எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆதரிக்கிறது என்பதையும் ஏன் எழுதவில்லை?

சரி, 10.28 டெராஃப்ளொப் வரைகலை வலுவும் 16 ஜிபி நினைவகமும் கொண்ட கொம்பியூட்டரை 399 டொலருக்குப் பூட்ட முடியாது என்கிறார். உண்மைதான். ஆனால் பெட்டியில் விட்டதை விளையாட்டு விற்பனையிலும் சந்தாவிலும் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை என்பது அவருக்குத் தெரியாதா, அல்லது எங்களுக்குத் தெரியக்கூடாதா? காசு கொடுத்து வாங்கிய விளையாட்டையே நண்பர்களோடு ஒன்லைனில் ஆட, பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தனிச் சந்தா கட்டவேண்டும். அதன் ஆகக்குறைந்த ஆண்டுக் கட்டணம் 2023 செப்ரெம்பரில் 60 டொலரிலிருந்து 80 ஆனது. அந்தச் சந்தாவைக்கூட யாழ்ப்பாணத்துப் பிள்ளை நேர்மையாகக் கட்டமுடியாது. பிளேஸ்ரேசன் நெற்வேர்க் சேவை இருக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அமெரிக்காவில் இருக்கிறேன், இந்தியாவில் இருக்கிறேன் என்று பொய்முகவரி கொடுத்துத்தான் கணக்குத் திறக்கவேண்டும். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டுக்கு அந்தக் கணக்கு கட்டாயம் என்று பிளேஸ்ரேசனைச் செய்யும் சொனி அறிவித்தபோது, சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில், கொம்பியூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்ரீம் தளத்தில் அதன் விற்பனையே நின்றது. உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களில் சொனி பின்வாங்கியது. எங்களைத் தன் பட்டியலிலேயே சேர்க்காத கொம்பனிக்கு எங்கள் ஊரிலிருந்தே ஒருவர் சம்பளமில்லாத விளம்பரம் எழுதுகிறார். அதே ஸ்ரீம் தளமோ இலங்கையையும் சேர்த்துத் தெற்காசியாவுக்கென்று தனி டொலர் விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. ஒன்லைனில் ஆடத் தனிக் கட்டணமும் கேட்பதில்லை.

பராமரிப்பே தேவையில்லை என்ற கூற்றை எழுதியவர் வலிகாமத்துச் செம்மண் புழுதியைக் கண்டதில்லைப்போலும். மேசைக்கணினியின் பக்கத் தகட்டை ஒரு ஸ்குறூ டிரைவரால் கழற்றி, விசிறியைத் தூரிகையால் துடைத்து, பழுதான ராமைப் பிடுங்கி வேறொன்றைச் செருகப் பத்து நிமிடம் போதும். பிளேஸ்ரேசன் 5இல் நினைவகம் பலகையோடு ஒட்டவைக்கப்பட்டது. சில்லுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் இருப்பது திரவ உலோகம், பழக்கமில்லாத கை திறந்து அது சிந்தினால் பலகையே போய்விடும். மின்வெட்டுப் பழங்கதை என்கிறார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். லப்ரொப்புக்கு பற்றரி இருக்கிறது. பிளேஸ்ரேசனுக்கு?

என்னை உண்மையில் கோபப்படுத்தியது கடைசி வாதம்: கொம்பியூட்டர் கிடைத்தால் பிள்ளை எதையாவது நோண்டிக்கொண்டிருக்குமாம். நோண்டட்டும்! 1990களின் பொருளாதாரத் தடையில், பற்றரிக்கும் வழியில்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. நோண்டத் தெரிந்ததால் உலகத்தோடு தொடர்பறாமல் இருந்தோம். பிளேஸ்ரேசன் 3இல் லினக்ஸ் போட முடிந்தது; அமெரிக்க விமானப்படை 1,760 பெட்டிகளை இணைத்துக் கொண்டோர் என்ற மீகணினியையே கட்டியது. 2010 ஏப்ரல் 1ஆம் திகதி ஒரே மென்பொருள் அப்டேற்றில் சொனி அந்தக் கதவை மூடியது. கொம்பியூட்டரிலோ பிளென்டர், கொடோ, அன்ரியல் என்ற கருவிகளை இலவசமாக இறக்கி, பிள்ளை தானே விளையாட்டுச் செய்யலாம். யாழ் கீக் சலஞ்ச் போட்டிக்கு மென்பொருள் எழுதும் பெடியளும் பெட்டையளும் எதில் எழுதுகிறார்கள் என்று அவர் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். பெட்டியின் வெள்ளை வடிவழகுக்கும் அது ஹோலுக்குத் தரும் மதிப்புக்கும் ஒரு முழுப்பந்தியைச் செலவழித்தவர், உயர்தர ஐசிடி படிக்கும் பிள்ளைக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. விருந்தினர் கண்ணில் படுவதற்கான பொருளைத்தான் அவர் தேடினார்; வன்பொருள் ஒப்பீடு அதற்குப் போட்ட போர்வை.

கனடாவிலோ இலண்டனிலோ இருந்து மருமகனுக்கு ஏதாவது அனுப்ப நினைக்கும் மாமாமாரே, நல்லதொரு கிராபிக்ஸ் காட் பூட்டிய லப்ரொப்பை அனுப்புங்கள். விளையாடுவான், படம் பார்ப்பான், படிப்பையும் அதிலேயே செய்வான். காசு மிஞ்சினால் மருமகளுக்கும் ஒன்று அனுப்புங்கள்.