பந்தய வீரரின் நினைவுப்பொருள் சேர்த்தல்

தபால்தலை, நாணயம், கிளிஞ்சல் முதலியவற்றைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நம் மாணவரிடையே நெடுநாளாக உள்ளது. மோட்டார்ப் பந்தய வீரர் ஒருவரைப் பற்றிய பொம்மைக் கார்களையும் படங்களையும் சேர்க்கும் ஆர்வமும் இப்போது சிலரிடம் தோன்றியிருக்கிறது. பெற்றோர் இதனை வீண்செலவென்று கடிந்துரைப்பர். விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கி அடுக்குவதுதான் சேகரிப்பு எனின், அக்கடிந்துரை நியாயமேயாம். பழவேற்காட்டுக் கரையிலுள்ள லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் கடல் கொடுத்த நாளில் உண்டு. கொடாத நாளில் இல்லை. அங்குள்ள மாணவன் பொம்மைக்கெனத் தந்தையிடம் பணங்கேட்பது முறையன்று. ஆயினும் பெரும்பொருள் செலவின்றித் தொடங்கத்தக்க சேகரிப்பு ஒன்றுண்டு என்பதும், அதுவே மேலானது என்பதும் எமது கருத்து.

முதற்கண், யாரைப் பற்றிச் சேர்ப்பது? எல்லா வீரரையும் பற்றிச் சேர்க்கப் புகுவோன் ஒருவரைப் பற்றியும் செம்மையாய் அறியான். நம் நாட்டவரில் தொடங்குதல் நன்று. 1977-இல் பிறந்த கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் அணியின் மஞ்சள் நிறக் காரில் 19 என்னும் எண்ணுடன் ஓடி, பார்முலா 1 பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியரானார். 2010-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்வாண்டிலேயே சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அப்பந்தயத்திற் புகுந்த இரண்டாம் இந்தியரானார்.

இவ்வீரர்களின் பெருமை திடீரென முளைத்ததன்று. செங்குன்றத்திற்கு வடக்கே, பழவேற்காட்டிற்கு அணித்தாகவே உள்ளது சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது அங்கே அமைந்த விமானத்தளத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப்பாதை திறக்கப்பட்டது. சோழவரத்துப் பந்தயம் ஓய்ந்தது. அங்கே கண்ட காட்சியை நினைவிற் கொண்டோர் முதுமையெய்தி வருகின்றனர். பழைய நுழைவுச்சீட்டும் நிகழ்ச்சிநிரலும் பழந்தாள் வணிகரின் தராசில் ஏறி மறைகின்றன. பொம்மைக் கார் கடையில் என்றும் கிடைக்கும். இச்சீட்டோ மறைந்தால் மீளாது. ஆதலின் பொம்மையினும் இதனையே முன்னர்த் தேடல் வேண்டும். முதியோர் ஒருவர் தாம் கண்டதைச் சொன்னால், அவரது இசைவுடன் ஊரையும் ஆண்டையும் குறித்து எழுதிவைத்தல் வேண்டும். அதற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையுமே போதும்.

பொம்மையும் வேண்டாமென்பதில்லை. நுங்குண்ட பின் எஞ்சும் கூந்தலைச் சக்கரமாக்கி வண்டியோட்டாத சிறுவன் நம் கரையில் உண்டோ? பழவேற்காட்டு மகளிர் பனையோலையாற் கூடையும் பெட்டியும் முடைவதில் கைதேர்ந்தவர். அவரிடம் வேண்டினால் ஓலையிலேயே கார் ஒன்று செய்து தருதல் கூடும். அதற்கு மஞ்சள் வண்ணமிட்டு 19 என்றெழுதினால், வேறெந்த ஊர்ச் சேகரிப்பிலும் காணாத பொருள் அது. பின்னர் கைக்கு வருவாய் வந்த காலத்து, ஆண்டுக்கொன்றாக உலோகக் கார் வாங்கலாம். கடற்கரையின் உப்புக்காற்றில் இரும்பு அச்சு துருப்பிடிக்கும். தாளும் ஈரமேறிக் கெடும். ஆதலின் இறுக மூடும் டப்பாவில் உலர்ந்த துணியிற் சுற்றி வைத்தல் நலம்.

இவையனைத்தினும் இன்றியமையாதது உண்மை. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, அது யாது, எங்கே, எப்போது, யாரால் கிடைத்தது என்று எழுதல் வேண்டும். புகழ்ச்சியால் உண்மையை மறைத்தலாகாது. 2005 ஜூன் 19-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நரேன் 4-ஆம் இடம் பெற்றார். டயரின் பாதுகாப்பு ஐயத்தால் 14 கார்கள் விலகிக்கொள்ள, அன்று ஓடியவை 6 கார்களே. இதனையும் எழுதுவதால் வீரர்க்கு இழுக்கில்லை. அப்பந்தயத்தை முடித்து ஈட்டிய 5 புள்ளிகள் அவருடையனவே. படத்தின் கீழ் வெற்றியை மட்டும் எழுதுவோன் விசிறி. முழுவதும் எழுதுவோன் வரலாற்றாசிரியன்.

ஆகவே, மாணவ அன்பர்களே! இவ்விடுமுறையில் ஊர் திரும்புங்கால், பொம்மைக் கடைக்குச் செல்லுமுன் பாட்டனாரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அவர் வாயையும் திறக்கச் செய்யுங்கள். சோழவரத்தின் ஓசையைக் கேட்ட செவிகள் இன்னும் சில உள்ளன. அவை உள்ளபோதே வினவுதல் நம் கடனாகும்.