எத்தனை பேரிடம் கெஞ்சுவது?



பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கு எட்டு ஆண்டுகளாகத் தேர்வு எழுதிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் ஒருவர் மனச்சோர்வில் விழுந்தால், ‘பாவம், கண் தெரியாதே’ என்று சுற்றியிருப்பவர்கள் முடித்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தது வேறு.

முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு அழைத்தார். எழுத வருவதாகச் சொன்னவர் வரமுடியாது என்றுவிட்டாராம். “அக்கா, எத்தனை பேர்கிட்டதான் கெஞ்சுறது?” என்று அழுதார். பாடம் முழுக்க அவருக்கு அத்துப்படி. ஆனாலும் தன் தேர்ச்சி அடுத்தவர் கையில் என்ற நினைப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது. அந்த நினைப்பு நாள்பட ஊறினால் மனம் முயல்வதையே விட்டுவிடும். ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று உளவியலில் சொல்வது இதைத்தான்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் தருகிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் பாடக்குறிப்போ கையெழுத்துப் புகைப்படமாக வாட்ஸ்அப்பில் வருகிறது. திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதில் தடுமாறுகிறது. வாசித்துக்காட்டச் சொல்லி நண்பர்களைக் கேட்டுக் கேட்டுக் கூசி, ஒருகட்டத்தில் மாணவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். விடுதி அறைக்குள் ஒடுங்குவது அப்படித்தான் தொடங்குகிறது.

தேர்வு எழுதித்தருவோர் பட்டியலைப் பல்கலைக்கழகங்களே வைத்திருக்க வேண்டும். பாடங்களைப் பருவத் தொடக்கத்திலேயே திரைவாசிப்பான் படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்தில் தர வேண்டும். மனநல ஆலோசகரின் எண் இவர்கள் கைபேசியில் இருக்க வேண்டும். நள்ளிரவில் யாரும் கிடைக்காவிட்டால் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஒரு வாசகி,
மதுரை.