முதலுதவிப் பையும் எங்கட சனமும்

றெஸ்ரோறன்ற் வேலை இல்லாத நேரங்களில நான் அம்புலன்ஸ்காரருக்குத் தொண்டனா ஓடுறனான் எண்டு தெரிஞ்ச ஆக்கள் முதல் கேக்கிறது ஒண்டுதான்: "அந்தப் பைக்குள்ள என்ன வைச்சிருக்கிறியள்?" புதுசாச் சேர்ந்த தம்பிமாரும் இதைத்தான் கேக்கினம். ஒருக்கா எழுதி வைச்சா எல்லாருக்கும் உதவும். எனக்கு இதில ஒரு கருத்தும் இருக்கு. அதையும் சொல்லப் போறன், கோவிக்காதேங்கோ.

முதல் இந்த வேலை என்னெண்டு சொல்லுறன். இங்கிலாந்தில இதுக்குப் பேர் கொம்யூனிற்றி ஃபெர்ஸ்ற் றெஸ்பொண்டர். ஆராவது 999க்கு அடிச்சா, அம்புலன்ஸ் வெளிக்கிடேக்கயே பக்கத்தில இருக்கிற தொண்டருக்கும் தகவல் வரும். சம்பளம் இல்லை. எங்கட சொந்தக் கார். நீல லைற் இல்லை, சிவப்பு லைற்றில நிக்கத்தான் வேணும். உயிர் போற அவசரத்துக்குச் சராசரியா 7 நிமிசத்தில ஆள் போய்ச் சேரவேணும் எண்டது இங்கிலாந்தின்ர இலக்கு. ஆனா இதயம் நிண்டுபோன ஆளை ஒருத்தரும் தொடாமல் விட்டா, ஒவ்வொரு நிமிசத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 10 வீதம் மட்டில குறைஞ்சுகொண்டு போகும். கணக்கை நீங்களே பாருங்கோ. அந்த இடைவெளிக்குத்தான் நாங்கள்.

இனிப் பை. பெரிய சாமான்களை அவையளே தருவினம். இதயத்துக்கு மின்சாரம் குடுக்கிற டிஃபிப், ஒட்சிசன் சிலிண்டர், மூச்சில்லாத ஆளுக்குக் கையால அமத்திக் காத்துக் குடுக்கிற பலூன், விரலில கொழுவுற ஒட்சிசன் மீற்றர், பிறசர் பாக்கிறது, சீனி பாக்கிறது, கட்டுத்துணியள். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். இதுக்கு மேல நான் என்ர காசில போட்டதெல்லாம் சில்லறைச் சாமான்: என்ர அளவுக்குக் கையுறை ஒரு பெட்டி, நெத்தியில கட்டுற ரோச் லைற், சின்னத் துவாய், பேனை இரண்டு, கொப்பி, குப்பைப் பை, மாத்துறதுக்கு ஒரு சேட், தண்ணிப் போத்தல்.

"இவ்வளவுதானோ?" எண்டு முகம் சுருங்கும். தம்பிமார் இணையத்தில ஆமிக்காரர் காவுற மாதிரிப் பையளைப் பாத்து ஓடர் பண்ணீனம். தைக்கிற ஊசி, இடுக்கி, பேர் தெரியாத குழாயள் எல்லாம் அதுக்குள்ள. என்ர கருத்து இதுதான்: கைக்குப் பழக்கமில்லாத ஒரு சாமானும் அந்தப் பைக்குள்ள இருக்கக்கூடாது. பழக்காத வேலையைச் செய்ய எங்களுக்கு அனுமதியும் இல்லை. கையில இருந்தா செய்து பாக்கச் சொல்லி மனம் உந்தும், அதுதான் ஆபத்து. லிஃப்ற் இல்லாத மூண்டாம் மாடிக்கு ஒட்சிசனையும் டிஃபிப்பையும் தூக்கிக்கொண்டு ஏறினாத் தெரியும், மிச்சப் பாரம் எவ்வளவு எண்டு.

இதை எனக்குக் குசினிதான் பழக்கினது. சனிக்கிழமை இரவு ஓடர் அடிச்சுக்கொண்டு வரேக்க வெங்காயம் எங்க, உப்பு எங்க எண்டு தேடுறவன் குசினிக்காரன் இல்லை. பாக்காமலே கை போகவேணும். பையும் அப்பிடித்தான். முதல் தேவைப்படுறது மேல: கையுறை, கத்தரிக்கோல், மூச்சுச் சாமான். பிறகு தேவைப்படுறது கீழ. ஒரு சாமானும் இடம் மாறப்படாது. எடுத்ததை அண்டைக்கு இரவே திருப்பி வைக்கவேணும். டிஃபிப்பில ஒட்டுற தாளுக்கும் திகதி முடியும், பற்றியும் இறங்கும். கிழமைக்கு ஒருக்காப் பாக்காட்டி அது வெறும் பெட்டிதான்.

சில்லறைச் சாமானின்ர பெறுமதியையும் சொல்லுறன். டிஃபிப் தாள் ஈரத்தில ஒட்டாது, அதுக்குத்தான் துவாய். மயிர் அடர்ந்த நெஞ்சில ஒட்டாட்டி, ஒட்டுற இடத்தை மட்டும் வழிக்க டிஃபிப்போடயே சேவ் எடுக்கிற றேசர் ஒண்டு இருக்கும். மொட்டை முனைக் கத்தரிக்கோல் சேட்டையும் சட்டையையும் வெட்ட. இந்த இடத்திலதான் எங்கட சனம் தயங்குது. பொம்பிளையளுக்கு வெளியிடத்தில இதயம் நிண்டா நெஞ்சை அமத்திவிட ஆக்கள் பின்னடிக்கினம் எண்டு ஆய்வுகளே சொல்லுது. வெள்ளைக்காரருக்கே அப்பிடியெண்டா எங்களுக்குச் சொல்லவேணுமோ? அம்மாவெண்டாலும் அக்காவெண்டாலும் அந்த நேரம் சட்டையை வெட்டத்தான் வேணும். தாலிக்கொடியைக் கழட்டுறதோ விடுறதோ எண்டு வாதாடாமல் ஒரு பக்கமா ஒதுக்கிவிட்டாக் காணும், தாள் அதுக்கு மேல ஒட்டாமல் இருந்தாச் சரி.

நான் போன வீடுகளைப் பற்றி எழுதமாட்டன், அது விதி. பொதுவில ஒண்டு சொல்லலாம். நெஞ்சு நோவை "வாயு" எண்டு சொல்லி ஓமத்தண்ணியும் சோடாவும் குடிச்சுக்கொண்டு இருக்கிற பழக்கத்தை விடுங்கோ. தெற்காசிய ஆக்களுக்கு மாரடைப்பு வாற வாய்ப்பு இஞ்சத்தைய மற்ற ஆக்களைவிடக் கூட. 999க்கு அடியுங்கோ. இங்கிலீஸ் வராட்டி "ரமில்" எண்டு சொல்லுங்கோ, மொழிபெயர்ப்பாளரை லைனில எடுக்கிற வசதி இருக்கு. விசா இல்லாத பெடியள் அம்புலன்ஸ் எண்டாலே பயப்பிடுகினம். இங்கிலாந்தில அம்புலன்ஸுக்கும் அவசரப் பிரிவில பாக்கிறதுக்கும் ஆரிட்டயும் காசு வாங்கிறேல்லை, கேஸ் முடியாத ஆக்களிட்டயும்தான். இதைத் தெரியாமல் அறைக்குள்ள படுத்துக் கிடக்கிறது எவ்வளவு அநியாயம்!

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடைக்குள்ள படிச்ச ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். முதலுதவி பழக்கினவையிட்டப் பெட்டி இல்லை, பஞ்சு இல்லை. பழைய வேட்டியை முக்கோணமாக் கிழிச்சு முறிஞ்ச கையைத் தூக்கிக் கட்டப் பழகினனாங்கள். 2006இல ஏ9 பாதை பூட்டினதோட என்ர கம்பஸ் படிப்பு அரைவாசியில நிண்டுபோச்சு. படிச்ச பௌதிகம் மறந்துபோச்சு, அந்த முடிச்சு மட்டும் கையில இருக்கு.

அதாலதான் கேக்கிறன். இஞ்ச எங்களுக்குக் கோயில் இருக்கு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு, பழைய மாணவர் சங்கங்கள் எண்ணேலாத அளவு இருக்கு. ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் சிலவழிக்கிறம். ஒரு டிஃபிப் ஆயிரம் பவுண் மட்டில. எத்தினை மண்டபத்தில இருக்கு? இருக்கிற இடத்திலயும் எத்தினை பேருக்கு அது எந்தச் சுவரில எண்டு தெரியும்?

பெட்டி வாங்க முன்னம் கையைப் பழக்குங்கோ. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேசன் 'றிவைவர்' எண்டு இலவசமா ஒரு பயிற்சி வைச்சிருக்கு. போனும் ஒரு தலைகாணியும் இருந்தா 15 நிமிசத்தில முடிஞ்சுபோம். நெஞ்சின்ர நடுவில, 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிசத்துக்கு 100இல இருந்து 120 தரம். இதுக்குப் பை வேண்டாம், சேட்டிபிக்கற் வேண்டாம், விசாவும் வேண்டாம். 2020இல இருந்து இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில இதைக் கட்டாயமாப் படிப்பிக்கினம். உங்கட பிள்ளையளுக்குத் தெரிஞ்சிருக்கும், அவையளிட்டக் கேட்டுப் பழகுங்கோ. வீட்டு வயசாளியள் போடுற குளிசையளின்ர பேரை ஒரு தாளில எழுதி ஃபிறிஜ் கதவில ஒட்டிவிடுங்கோ. வாற ஆளுக்கு, அது நானெண்டாலும் ஆரெண்டாலும், அந்தத் தாள் பெரிய உதவி.