புகையை அளந்து பேசுவோம்

ஜோகூர் நீரிணையின் அக்கரையில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு நாள் குறித்துவிட்டார்கள். 2003 ஜூலை 1-க்கு முன் சிங்கப்பூரில் பதிவாகி, அன்றாடப் பயன்பாட்டில் இருக்கும் வண்டிகள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு அந்நாட்டுச் சாலைகளில் ஓட முடியாது. காற்றின் தரத்தைக் காக்க அந்த நாடு எடுத்த முடிவு அது. அதில் நாம் குறை காண ஒன்றுமில்லை. இரு கரைகளையும் இணைக்க 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் இந்தப் பக்கம், ஜோகூரில், அப்படியொரு வயது வரம்பு கிடையாது. ஆனாலும் அதே நினைப்பு இங்கேயும் பரவி வருகிறது: பழைய மோட்டார் என்றால் புகை கக்கும், புகை கக்கினால் ஒழித்துக்கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் பாதி சரி, பாதி தவறு. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று சுத்தமாக ஓடுகிறது, மற்றொன்று தெருவையே நாறடிக்கிறது என்றால், வயதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் வேறுபாடு கார்புரேட்டரை யார், எப்படி ட்யூன் செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அந்தத் திறமையை அளக்கலாம், கற்பிக்கலாம், சான்றிதழும் கொடுக்கலாம். மலேசியா, அதிலும் குறிப்பாக ஜோகூர், அதைச் செய்ய வேண்டும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை எளியது. என்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் பித்தளை ஜெட்டின் துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் பட்டறை மொழியில் ‘ரிச்’. காற்று கூடினால் ‘லீன்’. ரிச்சாக ஓடும் வண்டி கறுப்புப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கக்கும், எண்ணெய்க் காசையும் தின்னும். லீனாக ஓடும் வண்டியில் புகை தெரியாது. ஆனால் என்ஜின் கொதித்து, டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நீலம் கலந்த புகை வந்தால் எரிவது என்ஜின் ஆயில். அது தேய்ந்த பிஸ்டன் வளையத்தின் வேலையாகவோ அளவுக்கு மிஞ்சிய டூ ஸ்ட்ரோக் ஆயிலின் வேலையாகவோ இருக்கும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அது தீராது. புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைப் பிரித்தறியலாம் என்னும்போது எல்லாப் புகைக்கும் ‘பழசு’ என்று ஒரே பெயர் வைப்பது சோம்பேறித்தனம்.

ட்யூனிங் என்றால் ஸ்குரூவைக் கொஞ்சம் அப்படியும் கொஞ்சம் இப்படியும் திருகிப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். முறை தெரிந்தவர் அப்படிச் செய்வதில்லை. மிகுனி வகை ஸ்லைடு கார்புரேட்டரை எடுத்துக்கொண்டால், கைப்பிடியை முறுக்கும் அளவுக்கு ஏற்ப வெவ்வேறு உறுப்புகள் பொறுப்பேற்கின்றன. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டப்பட்ட சரிவு. கால் பங்கு முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஊசியின் தலைப்பக்கம் வழக்கமாக ஐந்து சிறு பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி அந்த அளவுக்கு மேலே எழும்பி, பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஒரு பள்ளம் மேலே மாட்டினால் குறையும். ஏர் ஸ்குரூவை உள்ளே திருகினால் கலவை ரிச்சாகும். ஆனால் என்ஜின் பக்கம் பெட்ரோல் ஸ்குரூ வைத்த கார்புரேட்டரில் அதே திருகல் லீனாக்கும். கெய்ஹின் நிறுவன ஜெட்டின் மேல் பொறித்த எண் பெரும்பாலும் துளையின் விட்டத்தைச் சொல்வது; மிகுனியின் அறுகோண ஜெட்டில் அது பாயும் அளவைச் சொல்வது. இந்த வேறுபாடு தெரியாமல் எண்ணுக்கு எண் மாற்றிப் போடுவதும், அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடுவதும் தவறு என்பது உள்ளூர் அனுபவத்தில் மட்டும் தெரிய வேண்டிய இரகசியமல்ல, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய விஷயம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியபின் ஓட்டிப் பார்த்து, என்ஜினை அந்த வேகத்திலேயே நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது: கரி படிந்திருந்தால் ரிச், வெளிறி வெள்ளையாக இருந்தால் லீன், இளம் பழுப்பு என்றால் சரி. இன்றைக்கு அந்தக் கண்கணக்கைப் புகைபோக்கியில் வைக்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் எண்ணாகவே காட்டிவிடுகின்றன. இரண்டு, நான்கு கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு வாக்குவம் கேஜ் மாட்டி எல்லாவற்றையும் ஒரே இழுவையில் நிறுத்தலாம்.

இந்தக் கலைக்கு ஜோகூரின் வானிலை ஒரு வரம். கார்புரேட்டரின் பெரிய குறை, காற்று மாறும்போது அது தானாக மாறாது என்பதே. குளிர்காலமும் கோடைக்காலமும் உள்ள நாடுகளில் ஒரே செட்டிங் ஆண்டு முழுவதும் பொருந்துவது கடினம். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் கிடக்கும் இந்த மாநிலத்தில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதம். 30 பாகை வெப்பத்தில் காற்று 15 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு லேசானது. ஈரம் சேர்ந்தால் ஆக்சிஜன் இன்னும் குறையும். ஆகவே குளிர்நாட்டுக்காக ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ போட்டு அனுப்பிய ஜெட் இங்கே சற்று ரிச்சாகவே ஓடும். ஒருமுறை சரியான சிறிய ஜெட்டுக்கு மாற்றிவிட்டால் மூவாரிலும் குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் பருவம் பார்த்துத் திருத்த வேண்டிய தேவை அநேகமாக இல்லை. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரன் மலைக்கு ஏறினால்தான் காற்று எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்து வண்டி திணறும். இந்தக் கணக்கின் உச்சத்தை ஜோகூர் நேரில் கண்டிருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட பாசிர் கூடாங் பந்தயத் தடத்தில் 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தது. அன்று 125, 250, 500 சிசி மூன்று வகுப்பும் டூ ஸ்ட்ரோக் காலம். அந்தக் காலப் பந்தயக் குழுக்கள் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் குறித்து வைத்து ஜெட் மாற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்தன. அதே அறிவைத்தான் பட்டறையில் சிறிய அளவில் கேட்கிறோம்.

பழைய வண்டியைப் பிரித்துத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டும் இளைஞர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குழப்பத்தின் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்தே வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கஃபே ரேசர் கட்டுமானங்களில் முதலில் கழற்றி எறியப்படுவது காற்றுப் பெட்டி. அழகுக்காகக் கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். கூடவே குட்டைப் புகைபோக்கி. காற்று தாராளமாக வர, கலவை லீனாகிறது. ஸ்லைடை உறிஞ்சும் அழுத்தத்தால் தூக்கும் சிவி வகைக் கார்புரேட்டரில் அந்த அழுத்தமே நிலைகுலைந்து, நடுவேகத்தில் வண்டி பள்ளத்தில் விழுந்ததுபோல் தடுமாறும். அதற்கு மருந்தாகப் பெரிய கார்புரேட்டரை வாங்கி மாட்டுகிறார்கள். தொண்டை அகலமானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் வலுவும் குறையும். குறைந்த சுழற்சியில் வண்டி இருமும். அந்த இருமலைத் தீர்க்க ஜெட்டைப் பெரிதாக்க, கடைசியில் கறுப்புப் புகை. அண்டை வீட்டார் கேட்கும் சத்தமும் முகரும் நாற்றமும் இந்தத் தொடர்வினையின் விளைவு. காற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டே அழகாகக் கட்டியிருந்தால் வண்டியும் ஓடியிருக்கும், பணமும் மிஞ்சியிருக்கும்.

எரிபொருள் ஊசிமுறை, அதாவது இன்ஜெக்‌ஷன், இதைவிட மேல் என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். புதிய வண்டிக்கு இன்ஜெக்‌ஷனும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்ந்து தரும் தூய்மையைக் கார்புரேட்டரால் எட்டவே முடியாது. டூ ஸ்ட்ரோக் விஷயத்தில் இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: புதிய கலவையின் ஒரு பங்கு எரியாமலேயே வெளியேறுவது அந்த என்ஜினின் அமைப்பிலேயே உள்ள குறை, ட்யூனிங்கால் அதைக் குறைக்கலாமே தவிர போக்க முடியாது. 2011-இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்எக்ஸ்இசட் மீது மலேசியாவில் இன்றுள்ள மோகம் இந்த உண்மையை மாற்றாது. ஆகவே எல்லாப் பழைய வண்டியையும் தினமும் வேலைக்கு ஓட்டுங்கள் என்று இங்கே யாரும் வாதாடவில்லை. ஆனால் உற்பத்தி நின்ற நாளோடு வண்டிகள் காணாமல் போவதில்லை. 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் புல்லட் மோட்டார் சைக்கிளின் கதையைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்தியாவில் புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் அநேகமாக மறைந்தது. சாலையில் ஓடும் பழைய புல்லட்டுகள் மறையவில்லை. அதன் பிறகு பெட்ரோலில் எத்தனால் பங்கை 20 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள். எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை லீனாகிறது, பழைய ரப்பர் உறுப்புகளும் பாதிக்கப்படுகின்றன. ட்யூன் செய்யத் தெரிந்த ஆள் அதிகம் தேவைப்பட்ட நேரம், தொழிற்சாலை அந்த வேலையைக் கைவிட்ட பிறகுதான் வந்தது.

இன்னொரு ஆட்சேபம் இரவுச் சாலைகளைப் பற்றியது. பட்டறைக்காரர்களுக்கு அங்கீகாரம் கொடுத்தால் சட்டவிரோதப் பந்தயம் ஓட்டும் ‘ரெம்பிட்’ கூட்டத்துக்குத் துணைபோவதாகாதா என்று கேட்கிறார்கள். பெற்றோரின் அச்சம் நியாயமானது. இரவில் சாலையில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் புகைபோக்கியை அறுப்பதற்கும் சைலன்சரைக் கழற்றுவதற்கும் எந்த ட்யூனிங் அறிவும் வேண்டாம். அதைத் தடுக்கச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காவல்துறையிடமும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இருக்கின்றன. சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கிடம் இழக்க ஒரு பெயரும் உரிமமும் இருக்கும். பெயர்ப்பலகை இல்லாத கொட்டகையில் வேலை செய்பவரிடம் அப்படி ஒன்றும் இருக்காது. ஒழுங்கு வேண்டுமென்றால் தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே வழி.

‘சாகப்போகும் தொழிலை எதற்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் ஜோகூரின் தோட்டங்களிலேயே கிடைக்கும். செம்பனைத் தோட்டத்தில் புல்வெட்டும் தோள் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திர வாள், மருந்தடிக்கும் மோட்டார், தண்ணீர்ப் பம்ப், மின்தடை நேரத்தில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் என்று பலவும் இன்றும் கார்புரேட்டரில்தான் ஓடுகின்றன. மெர்சிங் கரையில் படகுகளுக்குப் பின்னால் தொங்கும் பழைய அவுட்போர்டு மோட்டார்களும் அப்படியே. தோட்டத் தொழிலாளி நாள் முழுவதும் முதுகில் சுமக்கும் இயந்திரம் ரிச்சாக ஓடினால் அந்தப் புகை நேரே அவர் மூக்குக்குள் போகிறது; அங்கே ஒரு ஸ்குரூவைச் சரியாகத் திருகத் தெரிவது உடல்நலப் பிரச்சினை. அழகு வண்டியில் கற்ற பாடம் வயிற்றுப்பாட்டு இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தும். கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிகிற கார்புரேட்டரில் காற்று, எரிபொருள், அழுத்தம் மூன்றின் உறவைப் புரிந்துகொண்ட மாணவன், பிறகு இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டர் காட்டும் எண்களையும் மனப்பாடமாக அல்லாமல் பொருள் தெரிந்து வாசிப்பான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் முறை இயங்குகிறது. வகுப்பில் உட்காராமல் தொழிலில் கற்றவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் அதில் உண்டு. பல ஆண்டுகளாகக் கார்புரேட்டர் பிரித்துச் சேர்க்கும் நம் மெக்கானிக்குகள் அந்த வழியைக் கேட்டுப் பெற வேண்டும். நம் சமூக அமைப்புகள் விண்ணப்பம் எழுதவும் ஆவணம் சேர்க்கவும் அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் சிறிய என்ஜின் பாடத்தில் ட்யூனிங்கை அளவுகோலோடு கற்பிக்க வேண்டும். தனியார் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் புகைச் சோதனை இல்லாத நாட்டில், குறிப்பிட்ட வயதைத் தாண்டிய வண்டிகளுக்காவது சாலை வரி புதுப்பிக்கும்போது கார்பன் மோனாக்சைடு அளவு பார்த்து, தேறியதை ஓடவிட்டு, தேறாததைப் பட்டறைக்கு அனுப்பலாம். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை பெரிய கார்புரேட்டருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், இருப்பதைச் சரியாக ட்யூன் செய்து, புகையின் அளவை எண்ணாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தருபவரிடமே வண்டியைக் கொடுங்கள்.