மருந்தோடு சோறும் வேண்டும்

யாயிரின் மகளுக்கு உயிரளித்த நம் ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறும் பெற்றோரைப் பணித்தார். மாற்கு நற்செய்தியாளர் இதனை மறவாது குறித்துள்ளார். நலிந்த உடல் தேறுவதற்கு உணவு வேண்டும் என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார்.

காசநோயைப் பற்றி எழுதவே இதனை நினைவூட்டினோம். நம் முன்னோர் அதனை எலும்புருக்கி என்றனர். நோய் உடலை உருக்குகிறது; உருகிய உடலில் நோய் மேலும் வேரூன்றுகிறது.

சானடோரியத்தில் நல்லுணவுடன் தங்கியவர்க்கும், ஏழ்மையான இல்லத்திலிருந்தே மருந்துண்டவர்க்கும் குணம் ஏறத்தாழ ஒன்றே எனச் சென்னையில் நடந்த ஆய்வு 1959-இல் உலகுக்கு அறிவித்தது. ஏழைகளுக்கு அது பெரும் நன்மை. ஆயினும், மருந்திருக்கச் சோறு எதற்கு என்னும் எண்ணமும் அதன்பின் பலரிடம் வளர்ந்துவிட்டது.

ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கி, 2023-இல் முடிவுகள் வெளியான ஆய்வு அவ்வெண்ணத்தைத் திருத்தியது. அதில் சேர்ந்த நோயாளிகள் 2800 பேர். பெண்களின் சராசரி எடை 36 கிலோ மட்டுமே! மருந்துடன் மாதந்தோறும் 5 கிலோ அரிசி, 3 கிலோ வறுத்த கடலைமாவு, ஒன்றரைக் கிலோ பால்மாவு, அரை லிட்டர் எண்ணெய், சத்து மாத்திரைகள் ஆகியவை அவர்களுக்குத் தரப்பட்டன. முதல் இரு மாதங்களில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பத்தாரிடையே, பெறாத குடும்பத்தாரைவிடப் புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளி ஒருவருக்கான உணவுச் செலவு மாதம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயே. உயிர் காக்க இதனினும் மலிவான வழிகள் எத்தனை உண்டு?

நம் இல்லங்களில் நடப்பதென்ன? கடன் பட்டேனும் டானிக் புட்டியும் விலையுயர்ந்த சத்துமாவு டப்பாவும் வாங்குகிறோம். அப்பணத்தில் முட்டையும் பருப்பும் கடலையும் பல நாளுக்கு வாங்கலாமே! அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளியின் உணவுக்கென வழங்குகிறது. ஆனால் ஐவர் உண்ணும் அடுப்பில் அது ஒருவருக்கென நிற்பதில்லை. தாயே நோயாளியாயின், பிள்ளைகளுக்கும் கணவருக்கும் இட்டபின் எஞ்சிய அடிச்சோறே அவள் பங்கு. ஆகவே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் உதவினால்தான் அவள் இலையில் உணவு விழும்.

இரண்டு எச்சரிக்கைகள். உணவு கிடைக்கிறதென்று மருந்தை ஒருநாளும் நிறுத்தலாகாது. எலும்பும் தோலுமாய் மெலிந்தவரை முதலில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அத்தகையோர்க்குத் திடீரென மிகுதியாக ஊட்டுவது உயிருக்கே ஆபத்து.

அன்பியங்களையும் வின்சென்ட் தே பவுல் சபையினரையும் நாம் வேண்டுவது இதுவே: ஒரு நோயாளியின் இல்லத்துக்கு, சிகிச்சை நடைபெறும் ஆறு மாதமும் அரிசி, பருப்பு, முட்டை கொடுங்கள். மாதந்தோறும் எடை பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயரைக் கோவிலில் அறிவிக்க வேண்டா; இந்நோயால் பெண்ணின் திருமணம் தடைப்படும் ஊர்கள் இன்னும் உண்டு. கொடுப்பது அண்டை வீட்டார்க்கும் தெரியாதிருக்கட்டும்.