எண்ணத் தெரிந்தவர்கள்

திண்டுக்கல் பூட்டின் சாவி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு வெட்டுகள், ஒவ்வொரு வெட்டுக்கும் நான்கு ஆழங்கள் என்று வைத்துக்கொண்டால் 4,096 வெவ்வேறு சாவிகள் செய்யலாம். பள்ளியில் நாம் படித்த சேர்மானவியல் ஏறக்குறைய இத்துடன் முடிந்துவிடுகிறது. உண்மையில் அது இதன்பிறகுதான் தொடங்குகிறது.

மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு கட்டங்கள் வரையுங்கள். 1 முதல் 6 வரையுள்ள எண்களை அவற்றில் நிரப்ப 720 வழிகள் உண்டு. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எண்கள் ஏறிச்செல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தால் எஞ்சுபவை ஐந்தே ஐந்து. இவற்றுக்கு யங் அட்டவணைகள் என்று பெயர். விளையாட்டுபோலத் தோன்றும் இக்கட்டங்கள் வடிவியலின் ஆழத்தில் ஒளிந்திருக்கின்றன என்பதே இயற்கணிதச் சேர்மானவியலின் வியப்பு.

காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி (1932–2020) அந்த ஆழத்துக்குச் சென்றவர். 1943இல் ஹாட்ஜ் செய்த பணியை விரித்து, 1970களில் லக்ஷ்மிபாய், முசிலி ஆகியோருடன் அவர் வளர்த்த 'ஸ்டாண்டர்டு மோனோமியல்' கோட்பாடு, வடிவியல் கேள்விகளுக்கு எண்ணி விடை காணும் வழியைத் திறந்தது. 1990களில் லிட்டெல்மான் அதைப் பாதைகளின் கணக்காக மாற்றினார். இன்றும் அத்துறையில் 'லக்ஷ்மிபாய்–சேஷாத்ரி பாதைகள்' என்றே வழங்குகிறார்கள்.

ஆயினும் அவருடைய பெரிய சாதனை வேறொன்று என்பது என் எண்ணம். நம் நாட்டில் ஆராய்ச்சி ஓரிடத்திலும் கற்பித்தல் வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பம்பாய் டாட்டா நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் ஆய்வு செய்தவர், 1984இல் சென்னைக்கு வந்து, 1989இல் இன்றைய சென்னைக் கணிதவியல் கழகத்துக்கு வித்திட்டார். 1998இல் அங்கே இளநிலை வகுப்புகள் தொடங்கின. பட்டம் வழங்கும் உரிமை இல்லாததால், தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியே பட்டம் தரவேண்டியிருந்தது. 2006இல்தான் நிகர்நிலைத் தகுதி கிடைத்தது. ஆய்வாளரே முதலாண்டு மாணவருக்கும் கரும்பலகையில் எழுதவேண்டும் என்ற பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

அந்தப் பிடிவாதம் சென்னையோடு நின்றுவிடலாமா? பெருநகரத்துக்கு வெளியேயும் உயர்கல்வி வேர்விடும் என்பதற்கு, 1956இல் எழுந்த காந்திகிராமக் கிராமிய நிறுவனமே திண்டுக்கல்லுக்கு அருகில் சாட்சியாக நிற்கிறது. கணிதத்துக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். காகிதமும், இன்னும் விடை தெரியாத கேள்வியோடு வகுப்புக்குள் நுழையும் ஓர் ஆசிரியரும் போதும். ஆய்வாளர்கள் ஆண்டுக்கு ஒரு பருவம் மாவட்டக் கல்லூரிகளில், தமிழிலும், பாடம் நடத்த வேண்டும். 'பாடத்திட்டம் முடியாதே' என்பார்கள். முடியாமல் போகட்டும். சூத்திரத்தை ஒப்பித்துத் தேர்வானவர்கள் நம்மிடம் ஏராளம். அந்த ஐந்து அட்டவணைகளையும் தன் கையால் வரைந்து, 'ஏன் ஐந்து?' என்று கேட்கும் ஒரு மாணவிக்காக நாம் என்ன செய்திருக்கிறோம்?